செப்டிக் இல்லை, செப்சிஸ்

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், மருந்து வாடைகூட எட்டாத ஓர் அறையில் பன்னிரண்டு வருடமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள் அவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு, நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் அறிக்கையாக அடித்துத் தரும் வேலை. செப்சிஸ் என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை. ஆனால் ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அவள் கணவர் குழாய் ரிப்பேர் செய்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்து அடைப்பு எடுக்கும்போது, துருப்பிடித்த கம்பி ஒன்று முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. சாக்கடைத் தண்ணீரிலேயே வேலையை முடித்துவிட்டு, காலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "இதெல்லாம் ஒரு காயமா?" என்று சிரித்தார். மறுநாள் காயத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

மாடி வீட்டில் இருந்த நாத்தனார் இறங்கி வந்து பார்த்தாள். "கால் செப்டிக் ஆயிருக்கு, அவ்வளவுதான். நான் மருந்து தடவிப் பாத்துக்கறேன். நீ ஆபீஸுக்குக் கிளம்பு" என்றாள். அவளும் கிளம்பினாள். ஆனால் பஸ் ஏறியதிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. ஆஸ்பத்திரியைத் தாண்டி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி நடந்து வந்து வேலைக்குப் போனாள்.

பத்தரை மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர்தான் எடுத்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"அம்மா, ரெஞ்சை எங்க வெச்சே?"

அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

"என்னங்க, நான்தான். யார் பேசறேன்னு தெரியுதா?"

"ரெஞ்ச்" என்றார் மறுபடியும். நாக்கு குழறியது. நாத்தனார் போனை வாங்கி, "தூக்கக் கலக்கத்துல உளர்றான். குளிருதுன்னு நடுங்கினான், ரெண்டு போர்வை போட்டிருக்கேன்" என்றாள்.

"அண்ணி, காலையிலேருந்து பாத்ரூம் போனாரா?"

"இல்லையே. தண்ணிதான் குடிக்கவே மாட்டேங்கறானே."

அந்த மூன்றையும் அவள் அடித்திருக்கிறாள். பேச்சில் குழப்பம், நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் குறைவு. எப்போதும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும். அதற்கடுத்து வரும் வரி என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு, மேலதிகாரியிடம் பாதி வாக்கியம் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

வீட்டில் அவர் மூச்சு வாங்கப் படுத்திருந்தார். போர்வையை விலக்கினாள். சிவப்பு தொடை வரைக்கும் ஏறியிருந்தது. கை மட்டும் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

"அண்ணி, டாக்ஸி கூப்பிடுங்க."

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமே. வேர்த்துதுன்னா எறங்கிடும்."

"சாயங்காலம் வரைக்கும் இவர் இருக்கணுமே!"

நாமா இப்படிக் கத்தினோம் என்று அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நாத்தனார் போனை எடுத்தாள்.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். அவசரப் பிரிவின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "என்ன கம்ப்ளெயின்ட்?"

"கால்ல காயம், காய்ச்சல்."

"உக்காருங்க. இருபத்திமூணாவது டோக்கன்."

பெஞ்சில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். பதினாலாவது டோக்கன் போய்க்கொண்டிருந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள். சொல்லலாமா? டாக்டர் வாயில் வரவேண்டிய பேரை டைப் அடிக்கிறவள் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? தப்பாகப் போய்விட்டால் நாளைக்கு இதே கட்டடத்தில் தலைகாட்ட முடியுமா? கணவரின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் மேஜைக்குப் போனாள்.

"சார், இது செப்சிஸா இருக்குமோன்னு எனக்குப் பயமா இருக்கு."

சொல் தெளிவாகவே வந்தது. மேஜைக்காரர் நிமிர்வதற்குள், பின்னால் போய்க்கொண்டிருந்த நர்ஸ் நின்றுவிட்டார். "யாருக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றிருபது இருக்க வேண்டிய மேல் எண் எழுபத்தெட்டு. அடுத்த நிமிடம் ஸ்ட்ரெச்சர் வந்தது. அரை மணிக்குள் இரண்டு கையிலும் ஊசி ஏறி, மருந்தும் திரவமும் ஓடத் தொடங்கின.

"நீங்க நர்ஸா?" என்று கேட்டார் இளம் டாக்டர்.

"இல்லீங்க. மூணாவது மாடியில உங்க ரிப்போர்ட்டெல்லாம் டைப் அடிக்கிறவ."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா கஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அடுத்த நான்கு நாள் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் நடையிலேயே நடந்து தேய்ந்தாள். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தது. காலைக் கீறி அழுகிய சதையை எடுத்தார்கள். இதற்கிடையில் விடாமல் போன். கொழுந்தனார், "செப்டிக் டேங்க்குள்ள எதுக்கு அண்ணி அண்ணன் எறங்கினாரு?" என்றார். பக்கத்து வீட்டுக்காரி, "ரத்தத்துல விஷம் ஏறிடுச்சாமே" என்று அழுதாள். முதலில் அவளுக்கு எரிச்சல் வந்தது. பிறகு ஒரு வாக்கியம் தானாக அமைந்தது: "காயத்துல பூந்த கிருமியை விரட்டக் கிளம்பின உடம்பு, கோவத்துல தன்னையே அடிச்சுக்குது. அதுக்குப் பேரு செப்சிஸ்." எல்லோரிடமும் அதையே சொன்னாள்.

ஐந்தாம் நாள் கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கியது. அந்தப் பையைப் பார்த்து நடுக்கூடத்தில் நின்று அழுத ஒரே பெண் அவளாகத்தான் இருக்கும்.

பதினாறாம் நாள் வீடு திரும்பினார். ஆனால் வந்தவர் பாதி ஆள்தான். நாலு படி ஏறினால் கால் வெடவெடத்தது, தலைமுடி கொத்துக்கொத்தாய்க் கொட்டியது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. "எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. நீங்க ரெண்டு பேரும் சொல்றதைத்தான் நம்பணும்" என்பார். நாத்தனாருக்குக் குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். தெருவில் யாருக்குப் பல்வலி என்றாலும், "எதுக்கும் செப்சிஸான்னு கேட்டுடு" என்று அனுப்பிவைத்தாள்.

அவளால் பழையபடி உட்கார்ந்து டைப் அடிக்க முடியவில்லை. அந்தச் சொல் வரும் இடத்தில் விரல் நின்றுவிடும். யாராக இருக்கும், எத்தனையாவது டோக்கனாக இருந்திருப்பார் என்று யோசனை ஓடும். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கீழே அவசரப் பிரிவு மேஜைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். யாரும் விரும்பிப் போகாத இடம், உடனே கிடைத்தது.

கணவர் உடம்பு தேறி முதன்முறையாகக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய அதே வாரம், அவள் மேஜைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவனுக்குக் காய்ச்சல், கையில் கட்டு.

"பேச்சு ஏதாவது குழறுதா? முன்னுக்குப்பின் முரணா பேசறாரா?"

மனைவி பெருமூச்சு விட்டாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்தே அப்படித்தான் மேடம்."

கணவன் பளிச்சென்று, "இவ சொல்றதைக் கேக்காதீங்க. கை மட்டும்தான் வலிக்குது, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்றாலும் எழுந்து வந்து அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிடவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெஞ்சுப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டும் வந்தாள்.