முதலிடத்து டேப்

ஃபெபியைப் பார்த்தாலே யுவராணிக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. டைப்பிஸ்டாகச் சேர்ந்த யுவராணி, ஊழியர்கள் மட்டும் பார்க்கும் கம்பெனி சைட்டைத் தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்து வருகிறாள். மேலே எந்த டேப் நிற்க வேண்டும், அதன் கீழ் எந்த மெனு விரிய வேண்டும், எது யார் கண்ணில் படலாம் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அதில் 'நம் குடும்பம்' என்ற டேப் அவள் பெற்ற பிள்ளை மாதிரி. யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் கல்யாணம், யார் மகள் பிளஸ் டூ பாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி வாழ்த்து. நெமிலிச்சேரியில் ரயில் ஏறியதும், கூட்டத்தில் நின்றபடியே செல்போனில் எழுதிவிடுவாள்.

புதிதாக வந்த ஃபெபி, 'பஸ்' என்று ஒரு டேப் போட்டாள். கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று அது காட்டும், அவ்வளவுதான். அதற்கே தொழிற்சாலை முழுக்க ஃபெபி புராணம். போதாக்குறைக்கு, சைட் பொறுப்பை இனி யாரிடம் தரலாம் என்று மேனேஜர் தட்சிணாமூர்த்தி யோசிப்பதாகவும் காதில் விழுந்தது.

"இன்னாம்மா, அந்தப் பொண்ணு சோக்கா பண்ணிகீது! டெய்லி அத்தத்தான் பாத்துகினு கீறோம்" என்றார் செக்யூரிட்டி துலுக்கானம்.

என் பக்கத்தை என்றைக்காவது பார்த்தீரா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. சிரித்து வைத்தாள்.

திங்கட்கிழமை, ஃபெபி சாப்பாட்டு டப்பா கழுவப் போன நேரம். யுவராணி மெனு செட்டிங்ஸைத் திறந்தாள். வந்த நாளிலிருந்து பஸ்தான் முதல் வரி. படிக்கவா வேண்டும்? முதல் வரியில், தொழிலாளர்களுக்குக் காட்டு என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள், சேமித்தாள், மூடினாள். அட்மின் லாகினில் எப்படியும் எல்லா டேப்பும் தெரியும், பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அதன்பின் சைட்டின் முகப்பையே அவள் திறக்கவில்லை.

இனி ஃபெபியின் போன் அலறும் என்று காத்திருந்தாள். அலறவில்லை. புதன் போய் வியாழனும் வந்தது. "பஸ் அண்ணனூராண்ட வந்துகினு கீது" என்று துலுக்கானம் செல்லைப் பார்த்துக் கத்திக்கொண்டுதான் இருந்தார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபெபி நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தொழிலாளர் லாகின்ல 'நம் குடும்பம்' தெரியவே இல்ல. திங்கக்கெழமைல இருந்தே ஆஃப்ல இருக்கு. அன்னிக்குக் காலைலதான் நான் அத மொத வரிக்கு மாத்தினேன். உங்க டேப்தானே மொதல்ல இருக்கணும்? அப்போ எதையாவது தப்பா அமுக்கிட்டேன் போல. சாரிக்கா."

நான்தான் அமுக்கினேன் என்று யுவராணி சொல்லவில்லை. வேறொன்றைத்தான் கேட்டாள்.

"யாராச்சும் வந்து கேட்டாங்களா, அந்த டேப் எங்கேன்னு?"

ஃபெபி ஒரு நொடி விரல் நகத்தைப் பார்த்தாள். "நெறைய பேர் கேட்டாங்கக்கா. அதனாலதான் எனக்கே தெரிஞ்சுது."

யுவராணியிடம் இந்த ஐந்து நாளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொய்யைக்கூட இவ்வளவு அன்பாகச் சொல்ல இவளுக்கு வருகிறதே என்று அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.