தடை உண்டா என்று கேட்ட ஞாயிறு

பொன்மலை ரயில்வே பணிமனையில் இருதயநாதனும் நானும் ஒரே செக்‌ஷன். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாத ஆள் அவர். கேஸை அணைத்துவிட்டேன் என்று மனைவி லூர்துராணி சொன்னாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அதற்காகவே அந்த அம்மா அவரை ‘இன்ஸ்பெக்டர்’ என்று கிண்டல் செய்வார்.

கொரோனா இரண்டாம் அலையில், ஆஸ்பத்திரி வாசலில் தலை முதல் கால் வரை சுற்றிக் கட்டிய ஓர் உடலைக் காட்டி, உங்கள் சம்சாரம்தானே என்று கேட்டார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை. இருதயநாதன் ஆமாம் என்றார். அன்றைக்கே புதைத்தோம்.

கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. புதைத்தது வேறு யாரையோ, லூர்து எங்கேயோ இருக்கிறாள் என்றார். ஆஸ்பத்திரி, ஆசிரமம் என்று ஊர் ஊராக அலைந்தார். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கிளம்பினால் இவர் கதவைச் சாத்திக்கொள்வார். பூசையில் நோயாளிகளுக்காக வேண்டும்போது மட்டும் மனைவி பெயரைச் சத்தமாகச் சொல்வார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெற்ற மகள் ஷெர்லினால் அம்மா போட்டோவுக்கு ஒரு மாலை போட முடியவில்லை. அவர் எதிரே அழவும் முடியவில்லை.

இந்த வருஷம் ஷெர்லினுக்கும் ஜூட்டுக்கும் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் மணமக்கள் யார் என்று ஓலை வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. “இருதயநாதன், காலஞ்சென்ற லூர்துராணி ஆகியோரின் மகள்” என்று ஃபாதர் வாசித்து முடித்ததும் இருதயநாதன் எழுந்தார்.

“தடை இருக்கு ஃபாதர். பொண்ணோட அம்மா உயிரோட இருக்காங்க. அவங்களக் கேக்காம எப்படிக் கட்டிக் குடுக்கறது?”

மாப்பிள்ளையின் அப்பா அங்கேயே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார். ஜூட்தான் பிடிவாதமாக நின்றான். நான் இருதயநாதனை நாலு வார்த்தை கேட்கப் போனேன். ஷெர்லின் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“திட்டாதீங்க மாமா. அம்மா செத்துட்டாங்கன்னு ஒத்துக்கிட்டா, முகம்கூடப் பாக்காம பொதச்சிட்டோம்னு ஆயிடும். அப்பா தாங்க மாட்டாரு.”

அவளே போய் ஃபாதரிடம் கெஞ்சினாள். அடுத்த ஞாயிறு ‘காலஞ்சென்ற’ என்ற வார்த்தை இல்லாமல் வாசித்தார்கள். இருதயநாதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்தில் ஷெர்லின், இத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அவர் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். “அழாதம்மா. கல்யாணத்துக்குள்ள அம்மா வந்துருவா.”

சரிப்பா என்றாள் ஷெர்லின்.