தம்பிக்குக் கொடுக்காத கடிதம்

என் தம்பியிடம் கொடுக்கச் சொல்லி மருத்துவர் தந்த கடிதத்தைப் பதினோரு மாதம் பீரோவில் வைத்துக்கொண்டிருந்தேன். மறதியால் அல்ல, பொறாமையால்.

ராஜபாளையத்தில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மரபணு போகும் விதத்தை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எழுபது வயதில் படுத்தால் மூச்சு முட்டியது. மதுரையில் எக்கோ எடுத்தார்கள். இதயத் தசை தளர்ந்து, பெரிதாகியிருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஐம்பதைத் தாண்டவில்லை என்று சொன்னதும், ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார் மருத்துவர். பரம்பரைக் கோளாறுதான்.

"உங்க தம்பிக்கும் உங்க பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. எல்லாரும் சோதிச்சுப் பார்த்துக்கணும்" என்று சொல்லித்தான் அந்தக் கடிதத்தைத் தந்தார்.

என் ஒரே மகளை உடனே சோதிக்க வைத்தேன். அவளுக்கும் இருந்தது. இதயம் இன்னும் கெடவில்லை, வருடந்தோறும் பார்க்க வேண்டும் என்றார்கள். அன்றைக்குத் தம்பியைக் கூப்பிடப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

தம்பி பட்டாளத்தில் இருந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. அவன் மகன் போலீஸ் தேர்வுக்காகத் தினமும் காலையில் ஓடிக்கொண்டிருந்தான். நான் போகும்போதெல்லாம் தம்பி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பான். எனக்கு மருத்துவர் சொன்ன அளவு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். அவன் தொண்டையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். "ஏட்டி, அண்ணனுக்கு உப்பில்லாம தனியா வையி" என்று மனைவியிடம் சொல்வான். அக்கறையாகத்தான் சொன்னான். எனக்கு அது கேலியாகவே விழுந்தது.

அவன் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், இப்போது சொன்னால் சீக்குக் குடும்பம் என்று பேர் வந்துவிடும் என எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். சோதித்துப் பார்த்து, என் மகளுக்கு இருப்பது அவன் மகனுக்கு இல்லை என்று தெரிந்துவிட்டால்? அதை என்னால் தாங்க முடியாது. அதுதான் உண்மை.

புரட்டாசிச் சனிக்கிழமை எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்குப் போனோம். நான் படியேற முடியாமல் அடிவாரத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, செருப்பைப் பாத்துக்கங்க. எவனாச்சும் தூக்கிட்டுப் போனா விரட்டிப் பிடிச்சிரணும்" என்று சிரித்துவிட்டு ஏறினான்.

சற்று நேரத்தில் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கத் தனியாக இறங்கி வந்தான்.

"என்னலே?"

"கேஸ்னு நினைக்கேன்ணே. ரெண்டு மாசமா இந்தச் செருப்பு வேற கடிக்கி."

கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் அப்படியே நின்றது; இதயம் தளர்ந்தால் வரும் நீர் வீக்கம். எனக்கு முதலில் பயம் வரவில்லை. 'உனக்குமா' என்று ஒரு நிம்மதி வந்தது. செத்த நேரம்தான். ஆனால் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் தம்பி வீட்டுக்குப் போய், அவன், மனைவி, மகன் மூவர் முன்னாலும் கடிதத்தை வாசித்தேன். தம்பி மனைவி அதை வாங்கித் தேதியைப் பார்த்தாள்.

"பதினோரு மாசம்! வாராவாரம் இங்கன வந்து சாப்ட்டுட்டுப் போனியளே அத்தான்!"

"ஏன்ணே?" என்றான் தம்பி.

"பொறாமைலே" என்றேன்.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். அவன் இதயமும் தளர்ந்திருந்தது. ஒரு வருடம் முன்பே மாத்திரை தொடங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காமல் தடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். தம்பி மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

கடிதத்தை நகலெடுத்துக்கொண்டு சேத்தூரிலும் செட்டியார்பட்டியிலும் இருக்கும் அப்பா வழிச் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் பஸ்ஸில் போனேன். ஒரு வீட்டில், "மாப்பிள்ளை வீட்டாளுக வார நேரத்துல இதையா தூக்கிட்டு வாரீரு, வாத்தியாரே?" என்று கதவைச் சாத்தினார்கள். ஒரே ஒரு குடும்பம் சோதனைக்குப் போனது.

தம்பி மாத்திரை சாப்பிடுகிறான். போனில் பேசுகிறான். வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்வதில்லை. போன வாரம் கூப்பிட்டான்.

"அண்ணே, பயலுக்கு இல்லையாம்."

ஏதோ தப்புச் செய்துவிட்டவன்போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நல்லதுலே" என்றேன். அதைச் சொல்வதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அந்த இடைவெளி அவனுக்குக் கேட்டிருக்கும்.