பதினெட்டு வளைவில் இரண்டு முறை

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சம்மாந்துறையிலிருந்து புறப்பட்டோம். கண்டிக்கு அரிசி ஏற்றிப் போகும் லொறி. மூட்டைகளுக்கு மேல் எங்கள் சைக்கிள்கள் இரண்டையும் சாக்குச் சுற்றிக் கட்டியிருந்தோம். முன்னால் எங்களுக்கு அண்ணன் முறையான சாரதி நிஸ்தார் காக்கா, நான், காரைதீவு ஜெயந்தன். நான் சாய்ந்தமருதில் கணிதம் படிப்பிக்கிறவன், வயது நாற்பத்தாறு. ஜெயந்தன் ஆஸ்பத்திரியில் ஆண் தாதி. என்னைவிட எட்டு வயது இளையவன். ஆறு வருடமாக விடியற்காலையில் கடலோர வீதியில் சேர்ந்து சைக்கிள் ஓடுகிறோம்.

மலையடிவார ஹசலகவுக்கு நூற்று நாற்பது கிலோமீற்றர் சொச்சம். அங்கிருந்து பதினெட்டு வளைவு வழியாகப் பன்னிரண்டு கிலோமீற்றர் மேலே ஏறும் சைக்கிள் போட்டி. எனக்கு இது மூன்றாவது தடவை. முந்தின இரண்டு தடவையும் நேரம் முடிந்துபோக, பின்னால் வரும் வாகனம் என்னை ஏற்றிக்கொண்டு போனது. இந்த முறையும் அப்படியென்றால் இனி வருவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"மேட்டில ஏறுறத்துக்கு இவ்வளவு தூரமா? என்ட லொறியே அதில முனகி முனகித்தான் ஏறும்" என்றார் நிஸ்தார் காக்கா. ஜெயந்தன் தொடர்ந்து மூன்று இரவு வேலை செய்துவிட்டு வந்தவன், பதியத்தலாவை வரை வாயைத் திறந்தபடி தூங்கினான்.

இருட்டும் நேரம் எங்களை ஹசலகவில் இறக்கிவிட்டு லொறி கண்டிக்குப் போனது. ஞாயிறு காலை ஏழரைக்குத் தொடக்கம். நேர எல்லை ஒன்றேகால் மணித்தியாலம். அறுபது பேரளவில் நின்றோம். முதல் சமவெளியில் எல்லோரும் பறந்தார்கள். ஏற்றம் தொடங்கியதும் என்னைச் சுற்றி ஆளில்லை.

எங்கள் ஊரில் எதிரி காற்றுத்தான். ஒருவன் முன்னால் போய்க் காற்றைத் தாங்குவான், மற்றவன் அவன் முதுகில் ஒளிந்து இளைப்பாறுவான். மலையில் அந்த உதவி செல்லாது. இவ்வளவு மெதுவாகப் போகும்போது யாருடைய முதுகும் மறைப்பாகாது. அவரவர் பாரம் அவரவருக்கு. நாலாம் வளைவிலேயே கடைசிக் கியருக்கு வந்துவிட்டேன். எட்டாம் வளைவில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. வீதியோரக் குரங்கு ஒன்று என்னோடு கொஞ்சத் தூரம் நடந்து வந்து, என்னை முந்திப் போனது.

பதினோராம் வளைவில் ஜெயந்தன் மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு தொடையும் இறுகிக் கட்டையாகி விட்டன. முகம் வெளிறியிருந்தது.

"சேர், நிக்காதீங்க. நிண்டா திரும்ப ஏற ஏலாது."

"நீ?"

"பிடிப்பு விட்டா வாறன். போங்க!"

போனேன். நின்றிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மிதிக்கும் தோன்றியது, ஆனாலும் போனேன். அதற்குப் பிறகு வளைவை எண்ணவில்லை, மூச்சைத்தான் எண்ணினேன். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எழுபத்தோராவது நிமிடம். ஒருவர் தண்ணீர்ப் போத்தலும் சான்றிதழும் தந்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார். மூன்று வருடம் ஆசைப்பட்டது இதற்குத்தான். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின் வாகனம் வந்தது. ஜெயந்தன் அதில் இல்லை. ஏறச் சொன்னோம், மாட்டேன் என்று நடந்து வருகிறார் என்று அதன் சாரதி சிங்களத்தில் சொன்னார். கீழே பார்த்தேன். பட்ட பாடெல்லாம் அங்கே மடிந்து மடிந்து கிடந்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

நாலு வளைவு கீழே அவனைக் கண்டேன். சைக்கிளில் சாய்ந்து, பத்தடிக்கு ஒருதரம் நின்று வந்துகொண்டிருந்தான்.

"என்னத்துக்கு சேர் இறங்கின நீங்க? திரும்ப ஏறோணுமே!"

"ஓம். நடந்துதான்."

"எனக்காக எண்டா வேணாம்."

"மேல நிண்டு கதைக்க ஆளில்ல" என்றேன். அது பொய்யுமில்லை.

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது பதாகையைக் கழற்றி மடித்துவிட்டார்கள். கோடு மட்டும் வீதியில் சுண்ணாம்பாகக் கிடந்தது. ஜெயந்தன் அதைத் தாண்டி, சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே தானும் படுத்துக்கொண்டான்.

பகல் ஒரு மணிக்கு வெறும் லொறியோடு நிஸ்தார் காக்கா கண்டியிலிருந்து திரும்பி வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு வாழைப்பழம் தந்தார்.

மாலை ஆறுக்குக் காரைதீவுச் சந்தி. ஜெயந்தனின் மகள் தாயோடு காத்து நின்றாள்.

"அப்பா, எத்தனையாவது?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்து வந்தான் போல. என்னை ஒருதரம் பார்த்தான்.

"கடைசி" என்றான். "பாதிக்கு மேல சைக்கிள உருட்டிக்கொண்டு நடந்துதான் ஏறின நான்."

அவள் யோசித்தாள். "முழுக்கவும் ஏறினீங்களா?"

"ஓம்."

"அப்ப சரி" என்று சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

லொறி சம்மாந்துறைப் பக்கம் திரும்பிவிட, அங்கிருந்து என் வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர். தட்டையான வீதி. அன்று காற்றுகூட இல்லை. காலைத் தூக்கிச் சைக்கிளின் மறுபக்கம் போடப் பார்த்தேன், வரவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல, நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.