பாட்டில் ரத்தத்துக்கு ஒரு மெஷின், எனக்கு ஒரு மெஷின்

இடது கண்ணில் புரை வளர்ந்து, அரிசி களைந்த தண்ணீருக்குள் இருந்து எட்டிப் பார்ப்பது போல ஆகிவிட்டது எனக்கு. வலது கண்ணும் அதன் பின்னாலேயே கிளம்பியிருந்தது. பழங்காநத்தத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். மகன் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆனாலும் என் செலவுக்கு நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. கண் போனால் கை நீட்ட வேண்டியதுதான். அதனால் அறுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கண் ஆஸ்பத்திரியில், சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம், உங்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே சர்க்கரை ஏறிக்கிடக்கும்போது கண்ணைக் கீறினால் சீழ் வைத்துவிடுமாம். எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. சர்க்கரைக்கு நான் காட்டுவது அங்கேதான். அங்கே சிஸ்டர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கிற வெள்ளை மெஷினில் வைப்பாள். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், ஆனால் எண் தெரியும். போகும்போதெல்லாம் முந்நூறை ஒட்டியே நின்றது. டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். அதற்குப் பிறகும் அதே கதைதான். கிரைண்டர் பக்கத்தில் நிற்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்குவது மட்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

மருமகள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது.

"அத்தை, நெசத்தைச் சொல்லுங்க. டீக்கடையில பால்பன் திங்கிறீங்களா?"

"தின்னா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் திம்பேன். உனக்குப் பயந்து ஒளிச்சுத் திங்கிற ஆளா நான்?"

"பின்ன மெஷினா பொய் சொல்லுது?"

"நீ சொல்லலாம், மெஷின் சொல்லக்கூடாதா?"

மறுநாள் கருப்பட்டி டப்பா இடம் மாறியிருந்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தேடினேன் என்று ஆகிவிடும். ஆனால் என் மனசும் சும்மா இருக்கவில்லை. இவள் போய் சிஸ்டரிடம் ஏதாவது சொல்லி வைத்திருப்பாளோ என்று நினைத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்கும் மருந்துக் கடையை நினைத்தேன். மாத்திரை கூடினால் லாபம் அந்தக் கடைக்குத்தானே.

இப்படி இருக்கையில் ஒரு நாள் போனபோது பெஞ்ச் நிறைய ஆட்கள், குத்துகிற அறைக்கதவு பாதி சாத்தியிருந்தது. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் யாரும் இல்லை. சிஸ்டர் ஒரு குட்டி பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கருஞ்சிவப்பாக ரத்தம். பிறகு டாக்டர் அறைக்குள் போய், நான் அதுவரை பார்த்தே இராத ஒரு கறுப்பு மெஷினை எடுத்து வந்தாள். எங்களைக் குத்திக் குத்தி இப்படித்தான் சேர்க்கிறார்களோ என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏத்தா, அது யாரு ரத்தம்?"

"பாட்டி, இப்ப உள்ள வரக்கூடாது."

"பாட்டியெல்லாம் உன் வீட்டுல வச்சுக்க. யாரு ரத்தம்னு கேட்டேன்."

அவள் பாட்டிலை வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னாள். "வெளியில இருந்து அனுப்புறாங்கம்மா. இதுல சீனி எம்புட்டுன்னு அனுப்புனவங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நாங்க பாத்து எழுதி அனுப்பணும். இதே மாதிரி பல ஆஸ்பத்திரிக்கும் போகும். எல்லாத்தையும் ஒத்துப் பாத்து எங்க மெஷின் சரியா இருக்கான்னு சொல்லுவாங்க."

"அப்ப மெஷினுக்குப் பரிச்சை."

"அப்படித்தான் வச்சுக்கங்க."

"பரிச்சை எழுதுறது கறுப்பு. எங்களைக் குத்துறது வெள்ளை."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. கறுப்பு புதுசுங்கிறதால டாக்டர் ரூம்ல இருக்கும். கூட்டத்துக்கு வெள்ளை."

பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்தார். "மாப்ளையக் காட்டச் சொன்னா அவுக அண்ணனைக் காட்டுன மாதிரில்ல இருக்கு சிஸ்டரு."

சிஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாங்க, உங்களுக்கு ரெண்டுலயும் பாத்துக் காட்டுறேன்" என்று என் விரலைப் பிடித்தாள். வெள்ளையில் முந்நூறைத் தாண்டியது. அதே சொட்டு கறுப்பில் நூற்றெண்பது சொச்சம். அவள் கறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடனே சமாளித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, இருநூறுக்குள்ள வந்துருச்சு. இதையே சீட்டுல எழுதித் தரச் சொல்றேன். கண்ணை அறுத்துக்கங்க."

நான் இத்தனை நாள் காத்திருந்த எண் அதுதான். அதனாலேயே அதன்மேலும் சந்தேகம் வந்தது. ஒரே விரல், ஒரே ரத்தம், இரண்டு பேச்சு. வெள்ளை பொய் சொல்லும் என்றால் கறுப்பு சொல்லாது என்பதற்கு யார் பொறுப்பு? பரிச்சையின் முடிவுகூட அதற்கு இன்னும் வரவில்லை. எனக்குப் பிடித்த பொய்யை நம்பிக் கண்ணைக் கொடுத்துவிட்டு அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

"இதை எழுத வேணாம்" என்றேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பையன்தான். "என்னம்மா, கூடுனாலும் சண்டை, குறைஞ்சாலும் சண்டையா?"

"சண்டை இல்ல தம்பி. எது நெசம்னு சொல்லுங்க, போயிடுறேன்."

அவர் இரண்டு எண்ணையும் பார்த்தார். பிறகு தானே உட்கார்ந்து, பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் கறுப்பிலும் வெள்ளையிலும் வைத்தார். அதற்கும் வெள்ளை கறுப்பைவிட எக்கச்சக்கமாக ஏற்றித்தான் சொன்னது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்மார்கள் அதைப் பழகி வைத்திருக்கிறார்கள். என் முழங்கை மடிப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, பெரிய லேப்புக்கு அனுப்பச் சொன்னார். என் பெயரை ட்யூபில் ஒட்டும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. அதை எடுத்துப்போக வண்டி வரும்வரை பெஞ்சிலேயே இருந்தேன்.

மறுநாள் லேப்பில் இருந்து வந்த எண் கறுப்பை ஒட்டியே இருந்தது.

"கூட்டுன மாத்திரையை இன்னைக்கே நிப்பாட்டிடுங்க" என்றார் டாக்டர். "சீனி ரொம்ப இறங்கி, கை நடுக்கம், வேர்வை ஏதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னேன். நீங்க மெஷினைத்தான் பாத்தீங்க."

அவர் குனிந்து சீட்டை எழுதினார். மேஜையில் வெள்ளை மெஷின் இல்லை. பெஞ்சில் இருந்தவர்களை எல்லாம் மறுபடி குத்திக்கொண்டிருந்தாள் சிஸ்டர். அது எவ்வளவு காலமாக இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். பார்த்தார்களா இல்லையா, எனக்குத் தெரியாது.

வீட்டில் மருமகள் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "மெஷின்தான் பொய் சொல்லியிருக்கு அத்தை" என்றாள், தானே கண்டுபிடித்த மாதிரி. நான் கிரைண்டரைக் கழுவப் போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் மறுபடியும் விரலில் குத்தினார்கள். என் சீட்டை அவர்களும் நம்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இருநூறுக்குக் கீழேதான் வந்தது. பச்சைத் துணியை மாட்டிவிட்டு, இடது புருவத்துக்கு மேலே மையால் ஒரு புள்ளி வைத்து உள்ளே கூட்டிப்போனார்கள். எந்தக் கண் என்று இன்னொரு தடவை வாயால் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.