வெர்ம்ஃபிளாஷெ எடுக்க குட்மேய்ஸ் போனேன்

கடந்த சனிக்கிழமை ஹவுன்ஸ்லோவிலிருந்து குட்மேய்ஸ் போனேன். மறுநாள் அண்ணன் இறந்து முப்பத்தோராம் நாள். அவருடைய பொருட்களைப் பகிர்ந்து கொடுக்குமுன் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி அவர் மனைவி, என் மச்சாள், கூப்பிட்டிருந்தார். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு ரப்பர் சுடுதண்ணீர்ப் பை.

காலை 9.10க்குப் பிக்கடில்லி லைன். ஹோல்போர்னில் மாறி லிவர்பூல் ஸ்ட்ரீட். அங்கிருந்து எலிசபெத் லைன். ஒரு மணி நாற்பது நிமிடம், நான்கு பவுணுக்குள். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் பதினாறு வருடமாக அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

ஜெர்மனியில் அகதி முகாமில் நானும் அண்ணனும் ஒரே அறை. அங்கே தந்த பைதான் அது. பெயர் வெர்ம்ஃபிளாஷெ. வெர்ம் என்றால் சூடு, ஃபிளாஷெ என்றால் போத்தல். நீண்ட ஜெர்மன் சொற்களை நாங்கள் உடைத்துத்தான் படித்தோம். இதையும் உடைத்து, ஃபிளாஸ்க் என்று முடிவுகட்டி, தேநீர் ஊற்றிக் குடித்தோம். பிறகு மொழி வகுப்பு ஆசிரியை விளக்கினார். முன்பு அது செம்பிலோ தகரத்திலோ செய்த உண்மையான போத்தல்தானாம்; சுடுதண்ணீர் நிரப்பிப் படுக்கைக்குள் வைப்பார்களாம். ரப்பர் வந்ததும் உருவம் மாறியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு தை மாதம் அண்ணன் எனக்குச் சொல்லாமல் லண்டனுக்குக் கிளம்பினார். பையும் போனது. பிறகு நானும் இங்கே வந்தேன். கேட்டபோதெல்லாம் "நான் எடுக்கேல்லை" என்றார். குளிரை மறந்துவிட்டேன். பொய்யை மறக்கவில்லை.

மச்சாள் பையை மேசையில் வைத்தார்.

"முதல்நாள் இதுக்குள்ளை தேத்தண்ணி ஊத்தினது நீங்கள்தானாமே, தம்பி?"

"ஊத்தினது அவர். நான் குடிச்சனான்."

சிரித்தார். பிறகு சொன்னார்: "கடைசி மாசம் இதை வயித்தில வைச்சபடிதான் கிடந்தவர். புதுசு வாங்கித் தாறன் எண்டன், வேண்டாமாம். தம்பி வந்தால் நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லவேணும் எண்டுகொண்டு ஒவ்வொரு ஞாயிறும் வாசலைப் பாத்துக்கொண்டிருந்தவர்."

"ஓம்" என்று மட்டும் சொன்னேன். அண்ணனிடம் சொல்லவென்று வருடக்கணக்காய்த் திருத்தித் திருத்தி வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன.

ரப்பர் வெடித்திருக்கிறது. இனித் தண்ணீர் நில்லாது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஞாயிறுகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவார்கள். முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் படுக்கையில் கிடந்தபோது ஒரு ஞாயிறு நானும் புறப்பட்டேன். பாதி வழியில், ஸ்ட்ராட்ஃபர்டில், அதற்கு அப்பால் ரயில் இல்லை என்ற அறிவிப்பைக் கண்டதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். நிலையத்துக்கு வெளியே நின்றது, பாதி காலியாகத்தான் இருந்தது.