கையால் பூட்டாத நட்டுகள்

எங்கள் வீட்டில் நெடும்பயணத்துக்கு முதல்நாள், அசர் தொழுகைக்குப் பின் கார் வாசலில் நிறுத்தப்படும். காரைத் தூக்கும் ஜக், ஸ்பெயார் டயர், தண்ணீர்க் கலன், டோர்ச், பாய், வாப்பாவின் மருந்துப் பை என ஒவ்வொன்றும் வெளியே வந்து, சோதிக்கப்பட்டு, மீண்டும் உள்ளே போகும். கடைசியாக, கார்ச் சில்லுகளைப் பிடித்திருக்கும் நட்டுகள். டயர் கடையில் காற்றழுத்தக் கருவியால் இறுக்கப்படும் நட்டு நடுவழியில் மனிதக் கைக்கு அசையாது என்பது வாப்பாவின் தீர்மானம். ஆகவே கடையிலிருந்து கார் வந்ததும், நட்டுக் கழற்றும் கைச்சாவியில் நீண்ட குழாயொன்றை மாட்டி, பதினாறு நட்டுகளையும் தளர்த்துவார். பிறகு அந்தக் குழாயைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கையால் அளவாகப் பூட்டுவார். இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூச்சை அடக்கி எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாதென்று வைத்தியர் தடுத்ததால், அந்த வேலை என்னிடம் வந்தது.

அக்காலத்தில் நான் எந்த விவாத மேடையிலும் தோற்றதில்லை. வாப்பாவின் இருதயப் பரிசோதனைக்காகக் கண்டிக்குப் புறப்படவிருந்த நாளுக்கு முதல்நாள், அடுத்த வாரம் நடக்கவிருந்த விவாத இறுதிச் சுற்றின் தொகுப்புரையை நிலைக்கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா கதவடியில் வந்து நின்றார்.

"மகள், நட்டெல்லாம் கையால பூட்டிட்டியா?"

"ஓம் வாப்பா."

"பதினாறும்?"

"ஓம் வாப்பா, பதினாறும்."

குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "கண்ணாடியோட ஒரு மணித்தியாலம் கதைக்கிறா. வாப்பாவுக்கு மட்டும் ரெண்டு சொல்லு!"

வாப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். டயர் கடையிலிருந்து வந்திருந்த காரில் பெட்டிகளை மட்டுமே ஏற்றியிருந்தேன். ஒரு நட்டையும் தொட்டிருக்கவில்லை.

மறுநாள், அம்பாறையைத் தாண்டி மகியங்கனைப் பாதையில், இருமருங்கும் காடு நின்ற ஓரிடத்தில் பின்சில்லின் டயர் வெடித்தது. காரை ஓட்டிவந்த நானே அதை ஓரங்கட்டி, கைச்சாவியை நட்டில் பொருத்தினேன். கையால் அழுத்தினேன், காலால் மிதித்தேன், சாவியின் மீது ஏறியும் நின்றேன். அசையவில்லை. வீதியோரத்தில் யானைச் சாணம் ஈரம் காயாமல் கிடந்தது.

"இவடத்த கன நேரம் நிக்க ஏலா" என்றார் உம்மா.

வாப்பா இறங்கி வந்தார். "தள்ளு புள்ள. நீ கையால பூட்டினதுதானே, ஒரு உந்து உந்தினா வந்திரும்."

துரு பிடித்திருக்கும், வெயிலில் இறுகியிருக்கும், சாவியின் அளவு பிழையாக இருக்கும் என்று சமாதானங்கள் வரிசையாக வந்து நின்றன. எதைச் சொன்னாலும் நம்பும்படி சொல்ல எனக்குத் தெரியும். அவர் என் சொல்லை நம்பிக் குனிந்தார். சட்டைப் பொத்தானுக்கு மேலே நெஞ்சுத் தழும்பின் நுனி தெரிந்தது.

"வாப்பா, தொடாதீங்க. நான் பூட்டல்ல."

"எதை?"

"ஒண்டையும் பூட்டல்ல. பொய் சொன்னன்."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. உம்மா மரநிழலில் பாயை விரிக்க, அதில் போய் அமர்ந்தார். நான் வெயிலில் நின்றேன்.

நெல் மூட்டைகளோடு ஒரு லொறி வரும்வரை அப்படியே இருந்தோம். அதன் சாரதி தன் இரும்புக் குழாயைச் சாவியில் மாட்டி நான்கு நட்டுகளையும் கழற்றினார். ஸ்பெயார் டயரை மாட்டி அவரே பூட்ட முனைந்தபோது, சாவியை நான் கேட்டு வாங்கி, கையால் அளவாகப் பூட்டினேன். கண்டியை அடைந்தபோது கிளினிக் முடிந்துவிட்டிருந்தது. வாப்பாவுக்கு அடுத்த மாதம்தான் திகதி கிடைத்தது. அந்த ஒரு மாதம், அவர் நெஞ்சில் கைவைத்த போதெல்லாம் என் பேச்சு பாதியில் நின்றது.

இறுதிச் சுற்றில் என் அணி வென்றது. சிறந்த பேச்சாளர் கேடயத்தை உம்மா அலுமாரியில் வைத்தார்.

மீண்டும் கண்டிக்குப் புறப்படும் நாளுக்கு முதல்நாள், அசருக்குப் பின் காரை வாசலில் நிறுத்தினேன். பூட்டிவிட்டாயா என்று வாப்பா கேட்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையொன்றைச் சில்லின் அருகே போட்டு அமர்ந்து, நான் பதினாறாவது நட்டைப் பூட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.